ஃபார்மேட் போடுவதற்கு முன்னால் எஃப்12ஐத் தட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தாலும் முடிந்தது, பழைய லேப்டாப்பில் விண்டோஸை விட்டுவைத்து பக்கத்திலேயே உபுண்டு என்கிற இலவச லினக்ஸ் ஓஎஸ்ஸையும் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை எங்கள் கோத்தகிரியில் அதிகம் பார்க்கிறேன். நல்ல விஷயம்தான். 2011ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸும் பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் சேர்ந்துதானே வந்தன.

தொல்லை அப்புறம்தான். விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றைப் போட்டுக்கொள்ளும், அடுத்த முறை ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கிற க்ரப் மெனு வராமல் நேரே விண்டோஸ் திறக்கும். என் அக்கா மகளுக்கு இப்படி ஆகி, குன்னூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். "லினக்ஸ் கரப்ட் ஆயிடுச்சும்மா, ஃபுல்லா ஃபார்மேட் பண்ணணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. கல்லூரி ப்ராஜெக்ட் மொத்தமும் உபுண்டு பக்கம் இருந்ததால், நல்லவேளை, சம்மதிக்காமல் வாங்கி வந்துவிட்டாள்.

அதில் எதுவுமே அழிந்திருக்கவில்லை. இப்போதைய லேப்டாப்பில் டிஸ்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று, ஓஎஸ்களை எழுப்பும் கோப்புகளுக்கான சின்னப் பகுதி ஒன்று இருக்கும், அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். இதில் எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டில் இருக்கிறது, அப்டேட் சில சமயம் விண்டோஸை அந்த வரிசையில் முன்னால் நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். ஆன் செய்ததும் பல லேப்டாப்களில் எஃப்12ஐ, எச்பி என்றால் எஃப்9ஐ, தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில் 'உபுண்டு', 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இரண்டும் இருந்தால் பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் உபுண்டுவை மேலே ஏற்றி சேவ் செய்தால் போதும். அவளுக்கு அதோடு சரியாகிவிட்டது. உபுண்டு பெயரே இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து உபுண்டுவைத் திறந்து க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டும். அதற்கும் ஃபார்மேட் தேவையில்லை.

தலைகீழாகவும் நடக்கும், மெனுவில் விண்டோஸைக் காணோம் என்பார்கள். 2021ல் வந்த க்ரப் 2.06இலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் முடக்கியே வருகிறது. க்ரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு அப்டேட்-க்ரப் கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் வந்துவிடும்.

இன்னொன்று, நம்பகமில்லாத பூட் மென்பொருளைத் தடுக்கும் காவலான 'செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பிட்லாக்கர் என்கிற டிஸ்க் பூட்டு போட்ட விண்டோஸாக இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு அப்படியே நின்றுவிடும். அதை முதலிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், மழை பிடித்தால் நெட்டே இழுக்காத ஊர் இது. பயாஸில் யுஇஎஃப்ஐ என்கிற புதிய பூட் முறையை லெகசி என்கிற பழைய முறைக்கு மாற்றும் வேலையும் வேண்டாம், இரண்டுமே திறக்காமல் போகலாம்.

சர்வீஸ் கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஃபார்மேட் போடுவதென்றால் ஏன் என்று ரசீதில் எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிவிட்டுப் போடுங்கள். உங்கள் நாளிதழும் செயலிகளைப் பற்றி எழுதும் இடத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

ஒரு வாசகர்,
கோத்தகிரி

பி.கு.: உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரி.