கயிற்றை விடச் சொல்லித்தந்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

திருவிழாப் பாய்மரப் படகுப் போட்டியில் எங்கள் படகில் ஏறிய ஆறு பேரில் நான்கு பேர் புதுசு. கடல் பழக்கம்தான், பாய் பழக்கமில்லை. இன்ஜின் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களை ஐந்தே ஞாயிறுகளில் தேற்றிவிட்டவர்களுக்கு இன்னும் நன்றி சொல்லாமல் இருக்கிறேன்.

முதலில் தாத்தா, உங்களுக்கு. முதல் ஞாயிறு படகைத் தொடவே விடவில்லை நீங்கள். மணலில் குச்சியால் படகு வரைந்து, அணியம் என்கிற முன்பக்கம் எது, அமரம் என்கிற பின்பக்கம் எது என்று கேட்டீர்கள். காற்றுக்கு முகம் காட்டி நிற்கவைத்தீர்கள். இரண்டு காதிலும் ஒரே மாதிரி இரைந்தால் காற்று நேர் எதிரே. "அங்கிட்டு மட்டும் படகு போகாதுடா."

தேவிபட்டினம் பக்கம் ஆனி, ஆடியில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். போவது சுகம், வருவதுதான் பாடு. எதிர்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஏறி வரவேண்டும். அதனால்தான் திருப்பத்தை முதலில் பழக்கினீர்கள். வேகம் இருக்கும்போதே சுக்கானைத் தள்ளணும், தயங்கினால் படகு பாதியில் நின்றுவிடும். நாங்கள் நின்ற கணக்கு உங்களுக்குத் தெரியும்.

பாய்க்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்ட பயலை நீங்கள் திட்டவில்லை. வளைந்துபோன உங்கள் சுண்டுவிரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். அவ்வளவுதான். "பயமா இருந்தா கயித்த விடு, பாய் தானா காத்த உதறிரும்." அப்புறம் ஒருவரும் சுற்றவில்லை.

மூன்றாம் ஞாயிறு நடந்தது என் தப்பு. பின்காற்றில் திரும்பும்போது குரல் கொடுக்க மறந்தேன். பாய் கட்டிய பருமல் கழி சட்டென்று மறுபக்கம் அடித்து, தம்பி நெற்றியில் மூன்று தையல். அத்தை, அன்று நீங்கள் திட்டியதெல்லாம் எனக்குத் தகும். ஆனாலும் அடுத்த வாரமே கட்டோடு தொப்பி மாட்டி அவனை அனுப்பிவைத்தீர்களே, அதற்கு என்ன சொல்வது?

கிழிந்த பாயை இரவோடு இரவாகத் தைத்த தையல்கடை அக்காவுக்கும் நன்றி. லைஃப் ஜாக்கெட்டுகளோடு ஃபைபர் படகில் பின்னாலேயே வந்து, இரண்டு தடவை எங்களைக் கட்டி இழுத்துவந்த அண்ணன், டீசல் காசு வாங்க மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தொழிலையும் விட்டவர்.

போட்டியில் நான்காவதாக வந்தோம். ஒரு திருப்பத்திலும் நிற்கவில்லை.

அண்ணே, டீசல் காசை டீக்கடைப் பெரியம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் பாக்கியில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது.