2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பொங்கல் கோலப் போட்டியும் நடந்தது. நடுவர்கள் மீது வழக்கமான புகாரும் வந்தது. விரிவாகச் சொல்ல வேண்டியது அனிஷ் கபூர் கூட்டத்தைப் பற்றித்தான்.

1954இல் மும்பையில் பிறந்து, லண்டனில் பெயர்பெற்ற இச்சிற்பியின் கண்காட்சிப் படங்களைத் திரையிட்டோம். நடுவில் மின்வெட்டு வேறு. 1980ஐ ஒட்டி அவர் செய்த வண்ணப்பொடிச் சிற்பங்களைக் கண்டதும், "அம்மன் சன்னதிக் கடைக் குங்குமக் குவியல்தானே!" என்று பின்வரிசையில் ஒரு குரல். கேலிதான் என்றாலும் பொருத்தமான கேலி. உருவத்தின் அடியில் பொடி தரையிலும் படர்ந்திருப்பதால், சிற்பம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

விவாதத்தைக் கிளப்பியது, 1992இல் அவர் படைத்த ஒரு குழி. கான்கிரீட் அறையின் தரையில் வட்டப் பள்ளம், உட்சுவரெல்லாம் கறுப்பு. பார்ப்பவருக்குத் தரையில் தீட்டிய கறுப்பு வட்டம் போலவே தோன்றும். 2018இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகர அருங்காட்சியகத்தில் ஒருவர் சுமார் இரண்டரை மீட்டர் ஆழமுள்ள அந்தக் குழிக்குள் விழுந்தே விட்டார். எச்சரிக்கைப் பலகையும் இருந்தது! "இது சிற்பமா, பொறியா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்கப்போக, காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கும் வரை யாரும் எழவில்லை.

கல்தச்சரான நம் உறுப்பினர் அன்று சொன்னது குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது: "மண் வேலையில் மறுபடி அப்பிக்கொள்ளலாம். குடைவரையில் எடுத்தது எடுத்ததுதான்." அந்தப் பேச்சை ஒட்டியே யானைமலை நரசிங்கப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். பாண்டிய அமைச்சர் மாறன் காரி குடைவித்த கோயில் அது. அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் சேர்த்ததை கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கருவறை வெறும் இருட்டு. கண் பழகப் பழகத்தான் முதலில் முகமும் பிறகு தோளும் துலங்கின. கபூர் படங்களை வீண் வேலை என்ற இருவர் அங்கிருந்து கடைசியாகத்தான் வெளியே வந்தார்கள்.

அடுத்த ஆண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் செல்லச் செயற்குழு முடிவு செய்துள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வேன் வாடகை கூடிவிட்டதால், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே அவரிடம் செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்