ரயிலுக்காக நிற்கும் பேருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உறையைப் பிரித்ததும் உங்கள் கையெழுத்துக்குப் பதிலாகச் செல்வம் மாமாவின் கையெழுத்து இருந்ததைப் பார்த்துப் பக்கென்றது. கண் அந்த அளவுக்கு மங்கிவிட்டதா? யாருமே என்னிடம் சொல்லவில்லையே. உடனே பதில் எழுதாதது என் தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். மாமா, இதை அப்பாவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள், பஸ் விஷயம் நிறைய இருக்கிறது.

வேலைக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் இருப்பது சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமம். வீட்டு வாசலில் பேருந்து, அதிலிருந்து எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், நகரத்தில் இறங்கினால் நீலமும் வெள்ளையுமாக ட்ராம். மூன்று வண்டி மாறுகிறேன், ஆனால் பாஸ் ஒன்றுதான். ஏரியில் போகிற படகுக்கும் அதே டிக்கெட் செல்லும். எந்த வண்டி என்று கணக்கே இல்லை, எத்தனை மண்டலம், எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. பஸ்ஸும் ரயிலும் வேறு வேறு நிர்வாகம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு போக்குவரத்துக் கூட்டமைப்பு இருக்கிறது. ZVV என்கிற அதன் சுருக்கப் பெயரை ஜெர்மனில் செட்-ஃபௌ-ஃபௌ என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். டிக்கெட் காசு எல்லாம் ஒரே இடத்துக்குப் போய் அங்கிருந்து பிரிகிறது. பற்றாக்குறையில் பாதியை மாநில அரசும், பாதியை ஊராட்சிகளும் கொடுக்கின்றன. அதனால் கலெக்‌ஷனுக்காக ஒரு வண்டியை இன்னொரு வண்டி முந்துகிற வேலையே கிடையாது அப்பா. இதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்!

மேல் வீட்டு ரூத் அம்மாவைப் பற்றிப் போன முறை எழுதியிருந்தேனே, ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் வருகிற நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பவர், அவர்தான் பழைய கதையெல்லாம் சொன்னார். 1973-இல் சுரங்க ரயில் திட்டத்துக்கு ஓட்டெடுப்பு வைத்தபோது மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் ட்ராமைக் கைவிடவில்லை. இருக்கிற தெருவிலேயே அதற்குத் தனித் தடம் ஒதுக்கி, அது நெருங்கும்போது சிக்னல் பச்சையாகிற மாதிரி செய்தார்கள். அப்புறம் 1988-இல் இந்தக் கூட்டமைப்புக்கான சட்டத்துக்கும் ஓட்டு. இந்த முறை சரி என்றார்கள். 1990 மே மாதம் எஸ்-பானும் ஒரே டிக்கெட்டும் ஒரே நாளில் ஆரம்பித்தன. தன் பேரன் கார் வாங்கவில்லை, தேவைப்படவில்லை என்று ரூத் அம்மா சொல்கிறார். புகை, நெரிசல், பெட்ரோல் எல்லாம் குறைய வேண்டுமென்றால் காரை விடுங்கள் என்று புத்திமதி சொல்லிப் பயனில்லை, வண்டி மாறுகிற இடத்தில் ஜனங்களைத் தவிக்க விடாமல் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல பனி, இரவு வேலை முடிந்து வருகிறேன், ரயில் நாலு நிமிஷம் தாமதம். எங்கள் ஊருக்கு அதுதான் கடைசி பஸ். போயிருக்கும், நடக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினால், பஸ் உள்விளக்கு எரிய நின்றுகொண்டிருக்கிறது. டிரைவருக்கு முன்னால் சின்னத் திரை, அதில் ரயில் தாமதம் என்று வந்திருந்தது. கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டி சாய்வுப் பாதையில் மெதுவாக வந்தார். அவர் உட்காரும் வரை டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகுதான் கதவைச் சாத்தினார். யாரும் கத்தவில்லை, யாரும் விசில் அடிக்கவில்லை.

நீங்கள் பஸ் ஓட்டியபோது, ரயில் ஜனங்களுக்காகக் கடைசி ட்ரிப்பை அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைத்தீர்கள் என்று உங்களுக்கு மெமோ கொடுத்தார்களே. அன்று ராத்திரி நீங்கள் சாப்பிடாமல் படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் செய்தது இங்கே அந்த டிரைவரின் வேலை அப்பா, அதற்காகவே திரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில்தான் உட்கார்ந்தேன். அவர் கையுறை போட்டிருந்தார். உங்களுக்கு ஜன்னல் வெயிலில் வலது கை மட்டும் கறுத்திருக்கும், சின்ன வயதில் இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேனே, அதுவே நினைப்பாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

குளிருக்கு நல்ல கோட்டு இருக்கிறது, சாப்பாட்டுக்கும் குறையில்லை. இந்த மாதம் கொஞ்சம் குறைவாக அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், அம்மா வேறெதுவும் நினைக்க வேண்டாம்.

கண் ஆபரேஷனை மலர் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அதை முதலில் முடியுங்கள். மலர் கழுத்தில் தாலி ஏறுவதை நீங்கள் தெளிவாகப் பார்க்க வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டார் தேதி கேட்டால் தை கடைசி என்று சொல்லுங்கள், அதற்குள் எனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். தம்பி பைக்குக்குக் கடன் வாங்கக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், நான் அவனோடு பேசிக்கொள்கிறேன். பின்பக்க நிலத்தின் பட்டா நகலைத் தேடி எடுத்து போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், சித்தப்பா கேட்டதற்கு அதைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்குச் செல்வம் மாமா கூட வருவாரா? தேதி வாங்கியதும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
குமரன்