ஆவன செய்ய நான் என்ன தாசில்தாரா?

ஆசிரியருக்கு வணக்கம். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் 20 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் இப்போதும் எனக்கு மெயில் அனுப்புகிறார்கள். பாதிக்கு மேல் சப்ஜெக்ட் இடமே காலி, உள்ளே 'மதிப்பிற்குரிய ஐயா, ரெஸ்யூம் இணைத்துள்ளேன், ஆவன செய்யவும்' என்று ஒரே வரி.

அறிமுகமில்லாதவருக்கு எழுதினால் நீங்கள் யார், அவரை எப்படித் தெரியும் என்பது முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட வேண்டும். அப்புறம், எடுத்த எடுப்பில் வேலை கேட்காதீர்கள், கேள்வி கேளுங்கள். 'மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருஷம், பராமரிப்புப் பிரிவுக்கு வர எந்தப் பயிற்சியை முதலில் எடுக்கலாம், பத்து நிமிஷம் போனில் பேசலாமா' என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. வேலை கேட்டால், கொடுக்க வேலை கையில் இல்லாதவர் பதிலே போடாமல் நழுவிவிடுவார்.

இன்னொரு கூத்து, நாற்பது பேர் முகவரியையும் மெயிலின் 'டூ' (To) கட்டத்தில் வரிசையாகப் போட்டு ஒரே மெயிலைத் தட்டிவிடுவது. ஒவ்வொருவர் முகவரியும் மற்ற எல்லோருக்கும் தெரியும், தெருமுனையில் நோட்டீஸ் கொடுத்த மாதிரி. 'பிசிசி' (Bcc) கட்டத்தில் போட்டால் முகவரி மறையும், சரி, ஆனால் பொதுக் கடிதத்தின் வாடை போகாது. பெயர் சொல்லி நாலு பேருக்குத் தனித்தனியாக எழுதுவதே மேல்.

பதில் இல்லையா, ஒரு வாரம் கழித்து அதே மெயிலிலேயே இரண்டு வரி நினைவூட்டுங்கள். மறுநாளே வாட்ஸ்அப்பில் துரத்த வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக்குகள் கடைசி வருஷத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். சொல்லிக்கொடுக்க நானே வருகிறேன், டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை-81