வெள்ளீயம் கேட்டோம், கரி வந்தது

பீம் நேர ஒதுக்கீட்டுக் குழுவினருக்கும் அயனி மூலப் பிரிவினருக்கும்,

வணக்கம். போன ஓட்டத்தில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். லாக் புத்தகத்திலும் இருக்கிறது. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன்: கேட்ட அயனிகளோடு கலந்து வரும் வேண்டாத பின்னணி அயனிகளை அளந்து பார்க்கும் நேரத்தை, எங்களுக்கு ஒதுக்கிய ஷிஃப்டில் கழிக்காதீர்கள்.

நாங்கள் கேட்டது வெள்ளீயம்-132. 50 புரோட்டான், 82 நியூட்ரான், இரண்டுமே அணுக்கருவுக்குக் கூடுதல் உறுதி தரும் மாய எண். அரை ஆயுள் சுமார் 40 விநாடி. ஒற்றை மின்னூட்டத்தோடு வரும் அயனியை உங்கள் முடுக்கி ஏற்காது; ஆகவே அயனியின் மின்னூட்டத்தைப் பிளாஸ்மாவில் கூட்டும் ஈசிஆர் சார்ஜ் பிரீடரில் விட்டு இருபத்திச் சொச்சம் எலெக்ட்ரான்களை உரித்தெடுக்கிறீர்கள். அதில் குறையில்லை. ஆனால் முடுக்கியின் பழைய டியூனிங் அப்படியே ஒத்துவருகிறது என்பதற்காக 22+ நிலையைத் தேர்ந்தீர்களே! 132-ஐ 22-ஆல் வகுத்தால் 6. இரட்டை மின்னூட்டக் கார்பன்-12-க்கும் அதே 6. நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள இந்த விகிதத்தைப் பார்த்தே அயனிகளைப் பிரிக்கும் காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நொடிக்குப் பத்து லட்சம் வெள்ளீய அயனிகள் வந்தாலும் மூன்றரை பிக்கோ ஆம்பியர். பிளாஸ்மா அறைச் சுவரிலிருந்து கிளம்பும் கார்பன் ஒரு நானோ ஆம்பியர் இருந்தாலே நொடிக்கு முந்நூறு கோடி. டிடெக்டர் தாங்காது என்று, கற்றையைக் குறைக்கும் துளைத் தகட்டைக் குறுக்கே நுழைத்தோம். கார்பன் ஆயிரத்தில் ஒரு பங்கானது. வெள்ளீயமும் ஆயிரத்தில் ஒரு பங்கானது. திரையில் கார்பன் கொழுத்த திட்டாக நின்றது. வெள்ளீயம் விழவேண்டிய மூலையில் எண்ணிவிடக்கூடிய புள்ளிகள். முனைவர் பட்டத்துக்கு அந்தப் புள்ளிகளைத்தான் என் மாணவி காட்ட வேண்டும். பிறகு 23+ என்றீர்கள். அந்த விகிதத்துக்குப் பக்கத்திலேயே ஆர்கான்-40, ஏழு மின்னூட்டத்தோடு. முடுக்கியை முழுக்க மறுபடி டியூன் செய்தோம். அந்த நேரமும் எங்கள் கணக்கில்தான் ஏறியது.

இது தீராத நோய் இல்லை. கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்தில், பின்னணியைக் குறைக்கப் பிளாஸ்மா அறையை எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றினார்கள். அமெரிக்காவின் ஆர்கான் (Argonne) ஆய்வகத்தில் ஈசிஆர் பிரீடரையே எடுத்துவிட்டு, எலெக்ட்ரான் கற்றையால் உரிக்கும் வகைக்குப் போனார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில், கதிரியக்க அயனிகளுக்கான ஐசோல்டே பிரிவில் 2001 முதலே அந்த வகைதான். இங்கே? முடுக்கியின் மீக்கடத்திக் குழிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள அமைச்சர்கள் வருகிறார்கள், கையேட்டு அட்டையிலும் அவைதான். அயனி மூலத்துக்கு மட்டும் எப்போதும் "அடுத்த நிதியாண்டு". கார்பனைத்தான் முடுக்குவது என்றால் இவ்வளவு செலவில் கதிரியக்க அயனிகளை உண்டாக்கும் இலக்கு எதற்கு?

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. புது பிரீடரை நாளைக்கே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால், கதிரியக்க அயனிகளை உள்ளே விடாமல், பிரீடரிலிருந்து என்னென்ன வருகிறது என்று ஒரு முழு ஸ்கேன் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்த மின்னூட்ட நிலை சுத்தமாக இருக்கிறது என்று சேர்ந்து முடிவு செய்வோம். அதற்கு ஆகும் நேரம் ஆய்வகத்தின் கணக்கில் இருக்கட்டும், எங்கள் ஷிஃப்டில் வேண்டாம். அடுத்த அட்டவணை வெளியாவதற்குள் பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பயனாளர்களில் ஒருவன்