சுக்கானை முழுசா இறக்கு

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பாய்மரப் படகின் இடது சுக்கான் பாதிதான் இறங்கியிருக்கிறது, பின்னால் சாய்ந்து நிற்கிறது. அப்படி நின்றால் தண்ணீரின் அழுத்தமெல்லாம் அச்சுக்குப் பின்னால் தள்ளி விழும். சுக்கானைத் திருப்பும் டில்லர் கட்டை கையைப் பிய்த்து இழுக்கும், படகு ஓயாமல் காற்றுப் பக்கமே திரும்பப் பார்க்கும். தோள் வலி என்றாயே, இதனால்தான் இருக்கும். ஆழம் வந்ததும் இரண்டையும் பூட்டு விழும்வரை இறக்கு.

இங்கே மார்கழி வாடை. அம்மா நாலரைக்கே எழுந்து கோலம் போடுகிறாள். ராயபுரம் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

போட்டோவில் நீ மட்டும் இருந்தாய். முன்பாய் ஜிப்பின் கயிறும் உன் கையில்தான். ஹோபி 16 இரண்டு பேர் ஓட்டுகிற இரட்டை உடல் படகு, அம்மு. 145 கிலோ. கவிழ்ந்தால் உன் 50 கிலோ உடம்பை வைத்து நிமிர்த்துவது பெரும்பாடு. மத்தியானம் தென்மேற்கிலிருந்து அந்த 'டாக்டர்' காற்று கிளம்பினால் பெர்த்தில் சுவான் ஆறு எப்படி இருக்கும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். மாப்பிள்ளைக்கு வேலை அதிகமோ என்னவோ. தனியாகப் போகாதே.

மெரினாவில் கூட நடப்பவர்கள் எல்லோருக்கும் போட்டோவைக் காட்டினேன். நம் கட்டுமரம் என்ற சொல்தான் கேட்டமரான் ஆனது, அதை என் மகள் பெர்த்தில் ஓட்டுகிறாள் என்றேன். ஆனால் மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. அம்மா கேட்டால் நான் என்ன சொல்வது?

அப்புறம், படகின் மூக்கைக் காற்றைத் தாண்டி மறுபக்கம் திருப்பி டேக் பண்ணும்போது டில்லரை மெதுவாகத் தள்ளு. இலேசான படகு, வேகம் சட்டென்று செத்துவிடும். எடுத்த எடுப்பில் முழுசாகத் தள்ளினால் சுக்கான் குறுக்கே நின்று பிரேக் போடும், மூக்கு காற்றுக்கு நேரே நின்றுவிடும். முதலில் கொஞ்சம், படகு திரும்பத் திரும்ப இன்னும் கொஞ்சம். ஜிப்பில் மறுபக்கக் காற்று விழுந்து மூக்கைத் தள்ளியபிறகு கயிற்றை விடு.

நீ ஒன்பதாவது படிக்கும்போது துறைமுகத்துக்குள் நாம் அப்படித்தான் மாட்டினோம். அலைதடுப்புக் கல்லை நோக்கிப் பின்னாலேயே போனோம். ஜிப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினேன். நீ சரியாகத்தான் பிடித்திருந்தாய். டில்லரை முரட்டுத்தனமாகத் தள்ளியது நான். படகு பின்னால் போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதும் அந்தப் பதற்றத்தில் எனக்கு மறந்துபோயிற்று. கரைக்கு வந்ததுமே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய், தண்டையார்பேட்டை வரும்வரை திரும்பவேயில்லை. உப்புத்தண்ணீர் சொட்டி உன் செருப்படியில் தேங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு தப்பென்று எது நடந்தாலும் நீ என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாய். அதற்கு நான்தான் காரணம், அம்மு.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எந்த நேரமானாலும் சரி. நான் திட்டமாட்டேன், கேள்வியும் கேட்கமாட்டேன். இரண்டு சுக்கானையும் முழுசா இறக்கு.

உன் அறைக்குப் புது ஃபேன் போட்டாயிற்று. கட்டிலையும் ஜன்னல் ஓரமாக நகர்த்திவிட்டேன்.

அப்பா