வழுவா, வழுவமைதியா? வீட்டுக் கணினிக்கு விமானம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வீட்டுக் கணினியில் ஓட்டுவதற்கென்று பயணிகள் விமானங்களை மென்பொருளாகச் செய்து விற்கும் உங்கள் எல்லோருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். இதில் சொல்லப்போகும் மென்பொருள் வழுவைப் பற்றி உங்களில் ஒரு நிறுவனத்துக்கு ஏற்கனவே ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். இங்கே என்னைப் போல இரவு கண்விழித்து விமானம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அலுவலகங்களிலும் தமிழ் வாசிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக முழுவதையும் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை இரவு. சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு எயார்பஸ் ஏ320 ஜெட் விமானம். கணினி மேசைக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அக்காவின் மகள். அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறாள், விமானி ஆகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. கோளாறுகள் எழுந்தமானமாக வரும்படி அமைத்துவிட்டுத்தான் புறப்பட்டோம். எது எப்போது பழுதாகும் என்று இருவருக்கும் தெரியாது.

இறங்கத் தொடங்கி, 22,000 அடியில் முகிலுக்குள் இருக்கும்போது வேகமானி 280 நொட்ஸிலிருந்து ஒரே வீச்சில் 90க்கு விழுந்தது. விமானத்தைத் தானாக ஓட்டும் ஓட்டோபைலட் எச்சரிக்கை ஒலி எழுப்பிக் கழன்றது. எஞ்சின் விசையைப் பார்த்துக்கொள்ளும் ஓட்டோதிரஸ்டும் கூடவே கழன்றது. "மாமா, ஸ்பீட் விழுந்திட்டுது!" என்று கத்தினாள். மூக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, எஞ்சின் சத்தமும் மாறவில்லை. அப்படியென்றால் வேகம் விழுந்திருக்க முடியாது, மானிதான் பொய் சொல்கிறது. மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் செய்தேன். ஓட்டோபைலட், ஓட்டோதிரஸ்ட், வழிகாட்டும் பச்சைக் கோடுகள் மூன்றையும் நிறுத்தினேன். 10,000 அடிக்கு மேலே இருப்பதால் மூக்கை 5 பாகை உயர்த்தி, விசைநெம்பை ஏறும் நிலையில் வைத்தேன். பிறகு மட்டமாகப் பறந்தபடி, எடைக்கும் உயரத்துக்கும் எத்தனை பாகை மூக்கு, எவ்வளவு விசை என்று அவள் அட்டவணையைப் பார்த்து வாசிக்க வாசிக்க நான் வைத்துக்கொண்டு வந்தேன். ஜிபிஎஸ் காட்டிய தரைவேகத்தை ஒத்துப் பார்த்துக்கொண்டோம். இருபத்தைந்து நிமிடம். கட்டுநாயக்க 22 ஓடுபாதையில் சக்கரம் பட்டபோது இருவருக்கும் கை நடுங்கியது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததையும் நாங்கள் கவனிக்கவில்லை. அது ஆறிப்போயிருந்தது.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். 2009 ஜூன் 1ஆம் திகதி ரியோவிலிருந்து பாரிஸ் போன எயார் பிரான்ஸ் 447, அற்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்பளிங்கு அடைத்து வேகம் தவறாகக் காட்டியதில் தொடங்கிய விபத்து அது. வேகமானிகள் பிழையாகக் காட்டியது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் ஏற்பட்ட குழப்பத்திலிருந்து விமானிகளால் மீள முடியவில்லை. அந்த விசாரணை அறிக்கையை நானும் அவளும் ஒன்றாக இருந்து வாசித்திருக்கிறோம். அதனால்தான் அந்த அட்டவணை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

மறுநாள், கோளாறுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முகிலே இல்லாத வானத்தில் அதே பாதையில் பறந்து பார்த்தேன். எங்கே பிழைவிட்டோம், எங்கே சரியாகச் செய்தோம் என்று பார்க்கும் எண்ணம்தான். விமானத்தைக் கணினியில் ஏற்றியதிலிருந்து 64ஆவது நிமிடம், வேகம் 90க்கு விழுந்தது. இன்னொரு தடவை, வேறொரு பாதையில், 64ஆவது நிமிடம். மூன்றாவது தடவை, தரையில் நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டிருந்தேன். 64ஆவது நிமிடம் ஓட்டோதிரஸ்ட் எச்சரிக்கை வந்தது.

எழுதிக் கேட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது: இது எங்களுக்குத் தெரிந்த வழு, அடுத்த அப்டேட்டில் சரியாகும்.

தெரிந்த வழு. நாங்கள் பாவித்த அப்டேட் வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லவில்லை.

வழு இருப்பதைப் பற்றி நான் முறையிடவில்லை. ஆயிரக்கணக்கான வயர்களும் வால்வுகளும் கொண்ட ஒரு விமானத்தை ஒரு சிறிய குழு மென்பொருளில் எழுதும்போது வழு வராமல் இராது. நீங்கள் எவ்வளவு அன்போடு செய்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏ320இல் இரண்டாவது எஞ்சினை முடுக்கும்போது, மஞ்சள், பச்சை ஹைட்ரோலிக் தொகுதிகளை இணைக்கும் கருவி தன்னைத்தானே பரிசோதித்து, தரைக்கு அடியில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் போடும். அதைக்கூட விடாமல் பதிந்து தந்திருக்கிறீர்கள். முதன்முதல் அது கேட்டபோது நான் எழும்பி நின்றுவிட்டேன்.

என்னை உறுத்துவது இரண்டு கிழமைக்குப் பிறகு நடந்தது. கட்டுநாயக்கவிலிருந்து எழும்பி 800 அடி ஏறியிருப்போம், இடது எஞ்சின் விசை குறைந்துகொண்டே போனது. மருமகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "இதுவும் வழுதான் மாமா. ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுவம்." அது வழு இல்லை. நாங்கள் அமைத்து வைத்திருந்த கோளாறு, முறைப்படி வந்தது. அவள் அதைச் சமாளிக்கக்கூடியவள். எந்தக் காலால் எந்தப் பெடலை மிதிக்கவேண்டும், எந்த உயரம்வரை எதையும் தொடாமல் பறக்கவேண்டும், எல்லாம் தெரியும். ஆனால் மானியைப் பார்த்து யோசிக்கும் பழக்கத்தின் இடத்தில், மென்பொருளைச் சந்தேகிக்கும் பழக்கம் வந்து குந்திவிட்டது. அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெய்ம்மை என்றால் எனக்கு இதுதான். எத்தனை சுவிட்ச் அமத்தலாம் என்பதைச் சொல்லி விற்கிறீர்கள். கதிரைத் துணியின் நெசவு தெரிகிறது என்கிறீர்கள். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒன்று பிழைக்கும்போது அது விமானத்தின் கோளாறா, உங்கள் மென்பொருளின் வழுவா என்று எனக்குத் தெரியவேண்டும். அது தெரியாவிட்டால் அந்த நூற்றுக்கணக்கான சுவிட்சுகளில் ஒன்றைக்கூட நம்பி அமத்த முடியாது.

எங்கள் மொழியில் பள்ளிக்கூடத்து இலக்கணப் பாடத்தில் வழு என்று ஒரு பகுதி வரும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு இடத்தில் பேச்சுப் பிழைக்கலாம். அடுத்து வருவது வழுவமைதி: இலக்கணப்படி பிழைதான், ஆனால் தகுந்த காரணம் இருப்பதால் தெரிந்தே ஏற்றுக்கொள்வது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் சொன்னால், அன்பினால் திணை மாறியது என்று ஏற்கிறோம். கணினி வழுவுக்கும் நாங்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம் என்பதால் இதைச் சொல்கிறேன். கேபின் அழுத்தத் தொகுதியை முழுமையாக எழுதவில்லை, மேலோட்டமாகத்தான் செய்திருக்கிறோம் என்று கைநூலில் ஒரு வரி போடுங்கள், அது வழுவமைதி. நான் மனமார ஏற்பேன், அதற்குள் கோளாறு தேடமாட்டேன். அதையே சொல்லாமல் விட்டால் வழு. ஒவ்வொரு அப்டேட்டோடும், தரவிறக்கும் பொத்தானுக்கு மேலே, இன்று தெரிந்த வழுக்கள் இவை, நாங்கள் செய்யாமல் விட்டவை இவை என்று ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரமாகும்?

அடுத்தது, எங்கள் கணினிகள். என்னுடையது பழைய ஐ5, 16 ஜிபி நினைவகம், ஒருவர் பாவித்து விற்ற கிராபிக்ஸ் கார்டு. நடுவானத்தில் வினாடிக்கு 25 படச் சட்டகம் வரும். சென்னையின் கட்டடங்கள் கண்ணில் படத் தொடங்கியதும் 12க்கு விழும். படம் விக்கி விக்கி ஓடுவதை நான் பொறுத்துக்கொள்வேன், அது என் வசதிக் குறைவு. ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் ஓட்டோபைலட் மூக்கை மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்குகிறது. சென்னை 07 ஓடுபாதைக்கு இறங்கும்போது இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ வழியான சறுக்குப்பாதையைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது.

காரணம் எனக்குக் கிணற்று ஏற்றமான துலாவின் மிதிப்பைப் பார்த்து விளங்கியது. என் அப்பப்பா காலத்துத் தோட்டக் கிணற்றில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் நீர் மொள்ளும் பட்டையைப் பிடித்து இறைப்பார். இருவருக்கும் தாளம் ஒன்றாக இருக்கவேண்டும். கீழே பட்டை நிறைந்தது மேலே நிற்பவருக்கு ஒரு கணம் பிந்தித் தெரிந்தால், அவர் மிதிப்பது பிந்தும், பட்டை கிணற்றுக் கட்டில் மோதும். அடுத்த தடவை அவசரப்படுவார், மறுபக்கம் மோதும். ஓட்டோபைலட்டும் அப்படித்தான்: பிழை எவ்வளவு என்று பார்க்கும், திருத்தும், திருத்தியதன் விளைவைப் பார்த்து மறுபடி திருத்தும். உண்மை விமானத்தின் கணினி இதை மாறாத இடைவெளியில் செய்கிறது. நீங்கள் இந்தக் கணக்கைப் படச் சட்டகத்தோடு கட்டிவிட்டால், வினாடிக்கு 60 சட்டகம் ஓடும் உங்கள் கணினியில் விமானம் பட்டுப்போல இறங்கும், என்னுடையதில் துள்ளும். கணக்கைப் படத்திலிருந்து பிரித்து, நிலையான இடைவெளியில் ஓடவிடுங்கள். வெளியிடுவதற்கு முன் ஒரு நாளாவது 12 சட்டகம் ஓடும் கணினியில் இறக்கிப் பாருங்கள்.

எங்கள் பலாலி விமான நிலையத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் பிறந்தது வசாவிளானில், அதற்குப் பக்கத்தில். 1990இல் இடம்பெயர்ந்தோம். பிறகு அந்தப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயம். எங்கள் வீடு இருந்த நிலத்தை மேலிருந்து நான் முதலில் பார்த்தது ஒரு பழைய சிமுலேட்டரில்தான். மங்கலான பச்சை, ஒரு சாம்பல் கோடு, அவ்வளவுதான். அந்தச் சாம்பல் கோட்டில் எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. 2019 ஒக்டோபர் 17இல் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து வந்தது ஏடிஆர் 72 என்ற, விசிறியால் பறக்கும் சிறிய பயணிகள் விமானம். கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் சேவை மீண்டும் தொடங்கியபோது வந்ததும் ஏடிஆர்தான்.

பிறகு நானே அதில் சென்னைக்குப் போனேன். பின்பக்கத்துக் கதவால் ஏறினோம், பொதிகள் முன்னால் போயின. வலப்பக்க ஜன்னலால் பார்த்தால் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கிறது, விசிறி மட்டும் அசையாமல் நிற்கிறது. ஏடிஆரில் தரையில் மின்சாரத்துக்கும் காற்றுக்கும் தனியான சிறு எஞ்சின் வால்பக்கத்தில் கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டு வைத்திருப்பார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். புத்தகத்தில் படித்ததை நேரில் கண்டபோது பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தாமல் இருக்க முடியவில்லை. அவவும் பொறுமையாகக் கேட்டா.

வீட்டுக்கு வந்து, நான் காசு கொடுத்து வாங்கிய ஏடிஆரில் அதையே செய்தேன். விசிறி நின்றது, மின்சாரம் வந்தது. எரிபொருள் ஒரு துளியும் குறையவில்லை. ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன், குறையவேயில்லை. கைநூலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெரிய ஜெட் விமானங்களுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது இந்தச் சிறிய விமானத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். உலகத்தில் பல ஊர்களுக்கு வந்து போவது இதுதான். எங்கள் ஊருக்கும் இதுதான் வந்தது.

இன்னும் இரண்டு சின்ன வேண்டுகோள். பழைய பதிப்பை எடுத்துவிடாதீர்கள். புதியது பிழைத்தால் பழையதற்குத் திரும்பிப் போக வழி இருக்கவேண்டும், அதற்காக முழு விமானத்தையும் மறுபடி தரவிறக்கச் சொல்லக் கூடாது. இங்கே நாங்கள் இரவு டேட்டாவில், மற்றவர்கள் படுத்த பிறகு இறக்குகிறோம். மற்றது, பறப்பின் நிலையைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்க வழி செய்யுங்கள். 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இருந்து எழுதுகிறேன். இப்போது அப்படி இல்லை, என்றாலும் கரண்ட் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. சேமித்ததைத் திறக்கும்போது சுவிட்சுகள் வைத்த இடத்தில் இருக்கவேண்டும், விமானக் கணினியில் தட்டிய பாதை அழியாமல் இருக்கவேண்டும்.

64ஆவது நிமிட வழு வந்த மூன்று ஓட்டத்தின் பதிவுக் கோப்புகளையும் அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். மற்றவர்களும் கேட்டால் தருகிறேன். அதைத் திருத்தும்போது, கோளாறுப் பட்டியலில் இருக்கும் பிட்டோ குழாய் அடைப்பையும் ஒருமுறை உண்மையாக ஓட்டிப் பாருங்கள். நாங்கள் அன்றிரவு அதைத்தான் பயிற்சி செய்கிறோம் என்று நினைத்திருந்தோம். மருமகள் மறுபடி அந்த அட்டவணையை எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்